சிலிண்டரைத் தூக்கலாம், ஷூ போடக் கூடாது

ஆரோவில் மாரத்தானில் 42 கிலோமீட்டரை முடித்துவிட்டு, செம்மண் அப்பிய காலோடு நான் உட்கார்ந்திருந்த படத்தை என் வீட்டுக்காரர் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இரண்டு விதமான செய்திகள் வருகின்றன. "புத்தி கித்தி கெட்டுப் போச்சா, பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தியா?" என்பது ஒன்று. "இதயத்தையே மாத்தினவங்க ஓடுறாங்க, நமக்கென்ன கேடு!" என்று என் படத்தை ஊரெல்லாம் அனுப்புவது இன்னொன்று. முதல் கோஷ்டியைவிட இரண்டாவது கோஷ்டியிடம்தான் எனக்குப் பயம் அதிகம். சரி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில், நான் இதயத்தை மாற்றவில்லை. வால்வு ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். 2017இல், எனக்கு 36 வயதில். சின்ன வயதில் தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டிக்கு முட்டி மாறி மாறி வலித்தது. "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைக் கிருமியோடு சண்டை போடப் போன நம் உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் இதய வால்வையும் அடித்துவிட்டுப் போகும் வியாதி. 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டால் மேற்கொண்டு கெடாமல் தடுக்கலாம். எனக்கு அதைக் கண்டுபிடிக்கும்போது என் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு, சுண்ணாம்பு ஏறிச் சுருங்கிப்போயிருந்தது. இரண்டாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கியதை உடம்பு போட்டதால் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த இடத்தில் இருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் பல வருஷம் பாடுபட்டு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இந்தியாவிலேயே செய்தது, வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு. ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து சாய்ந்து மூடும் ஒரு வட்டத் தகடு. அவ்வளவுதான் சமாச்சாரம். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது, அவர் வேலையை நிறுத்திவிட்டு என் கைக்கடிகாரத்தைத் தேடினார். வாய் திறந்தால் 'டிக் டிக்' வெளியே கேட்கும். (பல்லில் கை வைக்கும் முன் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவருக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். செயற்கை வால்வு உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது.)

என் குறை இனிமேல்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று சாப்பிடக் கூடாது. வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. மூன்று மாதம் கனமான பொருளைத் தூக்கக் கூடாது. கடைசி வரி, "கடினமான வேலைகளைத் தவிர்க்கவும்." எது கடினம்? எத்தனை நாளைக்கு? எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம்? அதற்கு ஒரு வரி கிடையாது. கேட்டேன். "ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்கள்.

மார்பெலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். மூன்று உருண்டை வைத்த அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் மூச்சை இழுத்து உருண்டையைத் தூக்க வேண்டும். மூன்றாவது உருண்டை எழும்ப எனக்குப் பதினோரு நாள் ஆனது. அதெல்லாம் கழிந்து நான்காம் மாதம், வாசலில் சிலிண்டர் வந்து இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். இழுத்து உள்ளே வைத்தது நான். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது. இதயத்துக்கு ஆகாத வேலை என்று ஒன்று இருக்குமானால் அதுதான். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். யாருக்கும் அது கடினமான வேலையாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குடமும் அப்படித்தான், ஊறவைத்த போர்வையைப் பிழிந்து மாடியில் காயப்போடுவதும் அப்படித்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து ஷூ வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வீடே கூடிவிட்டது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, நெஞ்சுக்குள்ள மெசினை வெச்சுக்கிட்டு யாராச்சும் ஓடுவாங்களா?" என்று அழுதே விட்டார். அவர் அழுததில் பொய் இல்லை. ஆனால் வீட்டு வேலை மூச்சு முட்டினாலும் வேலை, எனக்காக நான் செய்வது மட்டும் ஆபத்து என்கிற கணக்கை யார் போட்டது?

பயம் நியாயமானதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவைத் திறப்பார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கதவு ஒருமுறை திறக்கிறது, ரத்தம் கீழறைக்குள் போகிறது, மூடுகிறது. இதயம் வேகமாக அடிக்க அடிக்க, கதவு திறந்திருக்கும் நேரம் குறையும். என் கதவோ இயற்கைக் கதவைவிடக் குறுகலானது. உள்ளே போக முடியாத கூட்டம் வராந்தாவில் நிற்கும். அந்த வராந்தாதான் நுரையீரல். அங்கே அழுத்தம் ஏறினால் மூச்சு வாங்கும். ஆக, "மனசு வெச்சா எதுவும் முடியும்" என்று எனக்கு வந்து வகுப்பெடுக்காதீர்கள். மனசு வைத்தால் கதவு அகலமாகாது.

அதனால்தான் ஓடுவதற்கு முன் டிரெட்மில் பரிசோதனையும், உடற்பயிற்சியோடு சேர்த்து எடுக்கும் எக்கோ என்கிற இதய ஸ்கேனும் செய்துகொண்டேன். வேறு ஒரு டாக்டர். நாடித்துடிப்பு எவ்வளவு போகும்போது வால்வில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு, "130ஐத் தாண்டாதீங்க. அதுக்குள்ள நீங்க ஓடினாலும் சரி, ஆடினாலும் சரி" என்றார். அந்த ஒரு எண்ணுக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்திருக்கிறேன். இது என் எண். உங்கள் மாமாவுக்கு இது பொருந்தாது. இதயத் தசை பலவீனமாக இருந்தால், துடிப்பு தாறுமாறாக இருந்தால், மகாதமனி வீங்கியிருந்தால் கதையே வேறு. என் படத்தைக் காட்டி யாரையும் கிளப்பிவிடாதீர்கள்.

"ஓடி ஓடி வால்வு தேஞ்சுடும்" என்று சித்தப்பா ஒருவர் சொன்னார். சரி, கணக்குப் போடுவோம். நான் வங்கிக்காரி. ஓடுவதற்கு முன் சும்மா இருக்கும்போது என் நாடி 72. இரண்டு வருஷ ஓட்டத்துக்குப் பிறகு, அதே மாத்திரை, அதே அளவு, இப்போது 64. ஒரு நாளைக்கு 11,520 துடிப்பு மிச்சம். தினமும் ஓடும் ஐம்பது நிமிடத்தில் கூடுதலாகச் செலவாவது மூவாயிரம் சொச்சம். ஆரோவில்லில் ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கு 23,000, 26,000 என்று கூடச் செலவு. மூன்றே நாளில் கணக்கு நேராகிவிட்டது சித்தப்பா.

அர்னால்டைப் பற்றி அனுப்புகிறவர்கள் வேறு. அவருக்கு 1997இல் வால்வு ஆபரேஷன், 2018இல் ஒன்று, 2020இல் இன்னொன்று. அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஆரன் பூன் 2009 மார்ச்சில் வால்வு மாற்றி, அதே வருஷம் செப்டம்பரில் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். பெருமைதான். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரரைச் சுற்றி அணி டாக்டரும் பயிற்சியாளரும் இருப்பார்கள். அதை விடுங்கள், அங்கே வால்வு மாற்றிய சாதாரணத் தாத்தா பாட்டிக்கே, கண்காணிப்போடு உடற்பயிற்சி செய்துவைக்கும் 36 அமர்வுகள் வரை மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. நாடியைப் பார்த்துக்கொண்டே நடக்கவைக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுகிறார்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். என் நெஞ்சைத் திறந்து மூட லட்சக்கணக்கில் செலவானது. அதன் பிறகு எப்படி நடப்பது என்று சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு டிரெட்மில், வாரம் மூன்று மணி நேரம். இதற்கு ஏன் வழியில்லை? நாம் போட வேண்டிய சண்டை இதற்குத்தான். நான் ஓடுவது சரியா தப்பா என்பதற்கு இல்லை.

ஆரோவில்லை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அங்கே நேரம் குறிப்பதில்லை, பரிசும் இல்லை. (நம் பேப்பர்காரர்கள் மூன்று கிலோமீட்டர் நடந்தாலும் மாரத்தான் என்றுதான் எழுதுவார்கள். முழு மாரத்தான் என்பது 42.195.) காட்டுப் பாதை, மரத்து வேர். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் போடுகிற ஆள் நான். முட்டியில் அடிபட்டால் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்காரலாம். தலையில் அடிபட்டால் வலி இருக்கிறதோ இல்லையோ நேரே ஸ்கேனுக்குத்தான் போக வேண்டும். அதனால் விடியும்வரை டார்ச் அடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போனார்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். மூச்சு விட்டு ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிறதா என்று வீட்டுக்காரரிடம் பேசிப் பேசியே பார்த்துக்கொண்டேன். பேச முடியாவிட்டால் நடை. முப்பதாவது கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு தம்பி, "அக்கா, இதைப் போடுங்க, பறந்துடலாம்" என்று டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைப் பட்டையை நீட்டினான். நல்ல மனசு. அசிட்ரோமோடு அது சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம் என்று அவனுக்குத் தெரியாது. உப்புப் போட்ட ஆரஞ்சுச் சுளை நான்கு வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் ஐஎன்ஆர் பார்த்தேன் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), 2.8. எனக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டையும் குழுவில் போடச் சொன்னேன். அதற்கு ஒரு பொம்மைகூட வரவில்லை.

நேற்று சிலிண்டர் வந்தது. தம்பி வாசலில் இறக்கிவிட்டு, "அக்கா எடுத்துக்குவீங்கல்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அத்தை சத்தம் போட்டார்.

"உள்ள கொண்டாந்து வெய்யுங்க தம்பி. அவ தூக்கக் கூடாது."

"உடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறா. ஓடிட்டு இப்பத்தான் வந்தா."

அந்தத் தம்பி என் ஷூவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.