முதலிடமும் தேய்மானமும்

சென்ற வாரம் செட்டிநாட்டுக் கோட்டையூரில் எங்கள் வளவு வீட்டுப் பெட்டகசாலையைப் பங்காளிகள் எல்லோரும் கூடி ஒதுக்கியபோது, அப்பச்சி (என் தந்தை) சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகள் ஆறும் ஒரு தகரப் பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்தன. அண்ணன் மகன் ஒரு தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கைபேசியில் எதையோ தேடிப் படித்து, "கிளிஃப் ரிச்சர்டா? அமெரிக்காவில் ஒரு தடவைகூட முதலிடத்துக்கு வராதவராமே, சித்தப்பா!" என்றான். அவன் சொன்னது உண்மை. அந்நாட்டுப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் அவர் தொட்ட உச்சம், 1976இல் 'டெவில் உமன்' பாட்டுக்குக் கிடைத்த 6ஆம் இடம். இருபது பங்காளிகளுக்கு நடுவே ஓர் ஆங்கிலப் பாடகருக்காக வழக்காட எனக்குத் துணிவில்லாததால் அங்கே வாயை மூடிக்கொண்டேன். அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கிளிஃப் ரிச்சர்ட் 1940இல் லக்னோவில் பிறந்தவர். இயற்பெயர் ஹேரி வெப். 1948இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனார். 17 வயதில் முதல் தட்டைப் பதிவு செய்தார். 1959இல் 'லிவிங் டால்' பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. அதிலிருந்து 1999 வரை ஐம்பதுகள், அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்ற ஐந்து பத்தாண்டுகளிலும் அவருடைய பாட்டு ஒன்றாவது அங்கே முதலிடத்தில் இருந்திருக்கிறது. மொத்தம் 14 முதலிடங்கள். அவருடைய அன்பர்கள் எங்கே பேசினாலும் இதைச் சொல்லித்தான் தொடங்குவார்கள்.

நானும் அவருடைய அன்பன்தான். ஆனால் கணக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த ஊர்க்காரன் என்பதால், வரவை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவைக்க எனக்கு வராது. இந்த ஐந்து பத்தாண்டுக் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால், 1968இல் 'கங்கிராஜுலேஷன்ஸ்' முதலிடத்துக்கு வந்தபின் பதினோரு ஆண்டுகள் அவருக்கு முதலிடமே வாய்க்கவில்லை. 1979 ஆகஸ்டில் 'வீ டோன்ட் டாக் எனிமோர்' மேலேறியது. அந்தப் பாட்டு ஐந்து மாதம் தாமதித்து வெளிவந்திருந்தால் எழுபதுகளின் பக்கம் வெற்றிடமாகியிருக்கும், இன்று எல்லோரும் வியக்கும் சாதனையும் இருந்திருக்காது. எண்பதுகளின் முதல் முதலிடமோ 1986இல் நகைச்சுவை நடிகர்களோடு சேர்ந்து அதே 'லிவிங் டால்' பாட்டைக் கேலியாகப் பாடிய தட்டுக்கு வந்தது. அது அறப்பணி நிதிக்காக வெளியிட்டது. இவற்றைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக இல்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளிலும் அவர் பாடிக்கொண்டும் தட்டு வெளியிட்டுக்கொண்டும்தான் இருந்தார். முதலிடக் கணக்கு மட்டும் அதைக் காட்டாது என்பதே என் வாதம்.

முதலிடம் என்பதுதான் என்ன? பிரிட்டனில் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியல் முதன்முதலாக 1952 நவம்பர் 14ஆம் தேதி ஓர் இசை வார இதழில் வெளிவந்தது. இதழ்க்காரர்கள் ஏறத்தாழ 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, அந்த வாரம் எந்தத் தட்டு அதிகம் போயிற்று என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். 12 இடங்களுக்கான பட்டியலில் 15 தட்டுகள் இருந்தன, ஏனென்றால் சில இடங்களில் சமநிலை! பின்னர் வேறு இதழ்களும் ஆளுக்கொரு பட்டியல் போட்டன. 1963இன் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஒரு பட்டியலில் முதலிடத்திலும் இன்னொன்றில் இரண்டாம் இடத்திலும் இருந்தது. எல்லோரும் ஒப்பும் ஒரே பட்டியல் 1969இல்தான் வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நீண்ட பேச்சு வேண்டாம், நடப்பு வட்டி என்றால் போதும். அந்தக் காலத்தில் ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதத்துக்கு ஒரு மாலை செட்டியார்கள் கூடி, பணத்தின் வரத்தையும் தேவையையும் பேசி, அந்த மாதத்து வட்டியை முடிவு செய்வார்கள். அன்றைய நிலவரத்துக்கு அதுவே அளவுகோல். யாரும் அதை மறுத்து வியாபாரம் பண்ண முடியாது. ஆனால் ஒரு கடை நிலைத்ததா, நொடித்ததா என்று அறிய நடப்பு வட்டியை யாரும் பார்க்க மாட்டார்கள், வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் காட்டும் முழுக்கணக்கான ஐந்தொகையைத்தான் கேட்பார்கள். வாராந்தரப் பட்டியலும் அப்படித்தான். அந்த வாரம் கடையில் எது விற்றது என்பதை மட்டும் அது சொல்கிறது. வாங்கியவர் அதை வீட்டில் எத்தனை முறை கேட்டார் என்பது அதன் கண்ணில் படாது.

அதைக் காட்டும் சாட்சி அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அப்பச்சி அப்போது சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், செட்டியார்களின் வட்டிக்கடைகள் நடந்த ஒரு கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவியாளாக, இருந்தார். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் அவருக்குப் பின்னணி வாசித்த 'தி ஷேடோஸ்' குழுவும் அங்கே வந்து மேடையேறினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊர் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு கிதார்க் குழு தொடங்கினார்கள். அப்பச்சி அந்த நிகழ்ச்சிக்குப் போனாரா என்று கேட்டால் சிரிப்பாரே தவிர, போனேன் என்றும் சொல்ல மாட்டார், போகவில்லை என்றும் சொல்ல மாட்டார். மேலாளுக்குத் தெரிந்தால் பேசிய தவணைக் கணக்கு முடியும்முன் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள் என்று மட்டும் ஒரு முறை சொன்னார்.

ஒவ்வொரு தட்டின் காகித உறையிலும் மேலே நடுவில் 'சிவமயம்' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே வாங்கிய தேதியும், அந்த ஊர்ப் பணத்தைக் குறிக்கும் 'வெள்ளி' என்ற சொல்லும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. எத்தனை வெள்ளி என்ற எண் கரையான் தின்ற மூலையோடு போய்விட்டது. ஓர் ஆங்கில ஆட்டப் பாட்டுத் தட்டுக்குச் சிவமயம் போட்டு வரவு வைத்த மனிதர் உலகத்தில் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை.

அந்த ஆறில் ஒன்று கிளிஃப் ரிச்சர்டின் முதல் தட்டு. 1958 ஜூலையில் லண்டனில் இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. தயாரிப்பாளர் நோரி பாரமோர் முன்பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தது 'ஸ்கூல்பாய் கிரஷ்' என்ற மெல்லிய காதல் பாட்டு. பின்பக்கத்தை நிரப்ப, குழுவின் கிதார்க்காரர் இயன் சாம்வெல் ஒத்திகைக்குப் பேருந்தில் போகும்போது எழுதிய 'மூவ் இட்' பாட்டைச் சேர்த்தார்கள். பின்பக்கத்துப் பாட்டைப் பாடுவதானால் மட்டுமே என் நிகழ்ச்சியில் இடம் என்று தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜாக் குட் சொல்லிவிட்டதால் தட்டைப் புரட்டினார்கள், பாட்டு 2ஆம் இடம் வரை ஏறியது. முதலிடம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பாடியவற்றில் தலைசிறந்தது அதுவே என்பது என் தீர்மானம். தொடக்கத்தில் தனித்து ஒலிக்கும் அந்தக் கிதாரையும், அவசரமே இல்லாமல் அதன் பின்னால் வந்து சேரும் குரலையும் கேட்ட பிறகு, 'லிவிங் டால்' எனக்குச் சர்க்கரைத் தண்ணீராகத்தான் படுகிறது.

எங்கள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். 'ஸ்கூல்பாய் கிரஷ்' பக்கம் இன்று கடையிலிருந்து வாங்கிவந்ததுபோல் கறுத்துப் பளபளக்கிறது. 'மூவ் இட்' பக்கத்தில் ஊசி உழுது உழுது வரிகள் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. பட்டியலைப் பொறுத்தவரை அப்பச்சி ஒரு தட்டு வாங்கியவர், ஒரு விற்பனை, ஒரு வாரம், அவ்வளவே. அவர் எதை வாங்கினார், எதைக் கேட்டார் என்ற முழுக்கணக்கு அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டு பட்டாலையில் ஒலிக்கும்போதெல்லாம் அப்பத்தா இரண்டாங்கட்டுக்கு எழுந்து போய்விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதையும் எந்தப் பட்டியலும் எழுதவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 1999இல் 'தி மில்லேனியம் பிரேயர்' என்ற பாட்டை வெளியிட இ.எம்.ஐ. மறுத்துவிட்டது, பெரிய வானொலி நிலையங்களும் ஒலிபரப்பவில்லை. ஒரு சிறு நிறுவனம் வழியாக வெளிவந்து மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. வானொலியின் தயவு இல்லாமல் மேலேறிய அந்தப் பிடிவாதத்தை மதிக்கிறேன். பாட்டு என்ற அளவில் அது அவருடைய மிகப் பலவீனமான தட்டுகளில் ஒன்று. கிறித்தவ வழிபாட்டு மன்றாட்டு ஒன்றைப் புத்தாண்டுக்குப் பாடும் பழைய மெட்டில் பொருத்தியதற்கு மேல் அதில் வேலைப்பாடு இல்லை. 'மூவ் இட்' இரண்டாம் இடம், இது முதலிடம்! பட்டியல் பொய் சொல்லவில்லைதான், அதனிடம் நாம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்கிறோம்.

இப்போதைய பட்டியல் எத்தனை முறை கேட்டார்கள் என்பதையும் எண்ணுகிறதே என்று அண்ணன் மகன் மறுக்கக்கூடும். எண்ணுகிறது. பிரிட்டனில் 2014 ஜூலையில் இணையவழிக் கேட்பைச் சேர்த்தபோது 100 கேட்புகளை ஒரு விற்பனை என்று வைத்தார்கள், 2017இல் 150 ஆக்கினார்கள். நடப்பு வட்டி மாறியிருக்கிறது. அந்த விகிதத்தை யாரோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்ததுதான் என்பது மாறவில்லை. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் 2020 நவம்பரில், 80 வயது நிறைந்த கிளிஃப் ரிச்சர்டின் புதிய இசைத்தொகுப்பு அங்கே 3ஆம் இடத்துக்கு வந்தது. தொடர்ந்து எட்டுப் பத்தாண்டுகளில் முதல் ஐந்து இடங்களுக்குள் தொகுப்பு வைத்த முதல் கலைஞர் அவர். அந்த 14 முதலிடங்களையும்விட இந்த ஒரு வரியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன், ஐந்தொகைக்கு அருகில் வருவது இதுதான்.

அன்று மாலை சாமான்களைப் பட்டியலிட்டுப் பங்கு பிரித்தார்கள். எழுதிய பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒருவர் உரக்கச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். இரவு படியெடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பித்தளை அண்டா 2, எனாமல் தூக்கு 4, எவர்சில்வர் தட்டு 40 என்று வரிசையாக எழுதி, அடுத்த வரியில் 'தட்டு வேறு 6' என்று போட்டிருந்தது.