எண்ணை மட்டும் பார்த்து எழுதிவிடக்கூடிய கணக்கு

"ஒரு செவ்வகத்தின் நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ. எனில் அதன் பரப்பளவையும் சுற்றளவையும் காண்க." தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் எவரும் இந்த வினாவை எண்களை மட்டும் மாற்றி எத்தனையோ முறை வினாத்தாளில் எழுதியிருப்பார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இதற்கு முழு மதிப்பெண் வாங்கும் குழந்தைக்குச் சுற்றளவும் பரப்பளவும் புரிந்துவிட்டன என்று எடுத்துக்கொள்கிறோம். புரிந்திருக்கலாம். ஆனால் அந்த விடைத்தாளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வழியில்லை. இரண்டு எண்கள் கையில் இருக்கின்றன. பெருக்கினால் ஒரு விடை, கூட்டி இரட்டித்தால் இன்னொரு விடை. செவ்வகம் என்ற ஒன்றை மனத்தில் கொண்டுவராமலேயே குழந்தை இரண்டையும் எழுதிவிட முடியும்.

குழந்தைகள் சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று ஆண்டுதோறும் அங்கலாய்க்கும் நாம், அந்தக் குழப்பம் வெளியே தெரியாதபடிதான் வினாக்களைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. பாடம் நடத்தும் முறையைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் நிறையப் பேசுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தேர்வில் எது வருகிறதோ அதைத்தான் கடைசி இரண்டு வாரங்களில் எல்லோரும் நடத்துவோம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே மாற்றத்தை வினாத்தாளிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பணிக்கு வந்த புதிதில், 4 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தைக் கரும்பலகையில் வரைந்து, சுற்றளவு 16, பரப்பளவு 16 என்று இரண்டையும் ஒரே எடுத்துக்காட்டில் முடித்தேன். கணக்கு எளிதாக வரும் என்பதைத் தவிர அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அப்போ ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர், எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டாள். "ஒன்றுக்கு செ.மீ., மற்றதற்குச் சதுர செ.மீ." என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். அவள் கேட்டதற்கு அது விடையே அல்ல. பக்கங்கள் முழு எண்களாக இருக்கும் செவ்வகங்களில், சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக வருபவை இரண்டே இரண்டுதான்: 4-க்கு 4, 6-க்கு 3. அவற்றில் ஒன்றைத் தேடிப் பிடித்ததுபோல முதல் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்! இன்றும் பயிற்சித்தாள் எதிலாவது 6-க்கு 3 செவ்வகம் கண்ணில் பட்டால் அந்த எண்களை அடித்துவிட்டு வேறு எண் போட்ட பிறகுதான் படி எடுக்கக் கொடுக்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்குக் குழந்தைகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், நகரங்களின் பெரிய சிறிய அளவைச் சுற்றளவை வைத்தே மக்கள் முடிவு செய்துவிடுகிறார்கள் என்று வருந்தியிருக்கிறார். மெகலோபொலிஸ் நகரின் சுற்று 50 ஸ்டேடியம் (பழங்கால கிரேக்க நீள அளவு), ஸ்பார்ட்டாவின் சுற்று 48 ஸ்டேடியம். அப்படியிருந்தும் ஸ்பார்ட்டாதான் இரண்டு மடங்கு பெரியது என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை என்கிறார். சிறு வயதில் படித்த வடிவியலை மறந்துவிட்டதே அதற்குக் காரணம் என்றும் அவரே சொல்கிறார். கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவ அறிஞர் புரொக்லஸ், நிலத்தைப் பங்கு பிரிக்கையில் சுற்றளவு அதிகமான துண்டைக் காட்டிப் பங்காளிகளை ஏமாற்றியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வளர்ந்தவர்களே நிலத்தைப் பறிகொடுத்திருக்கும்போது, ஒன்பது வயதுக் குழந்தை தடுமாறுவதில் வியப்பில்லை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கட்டத்தாளில் மிக நன்றாகப் பார்க்கலாம். 5 கட்டம் நீளமும் 4 கட்டம் அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தை வரைந்து கொடுத்து, சூத்திரம் எதையும் சொல்லாமல், "இதன் சுற்றளவு எவ்வளவு, எண்ணிச் சொல்" என்று கேட்டுவிட்டுக் குழந்தையின் விரலை மட்டும் கவனியுங்கள். சிலருடைய விரல் கோட்டின் மேல் ஊர்ந்து போகும். அவர்களுக்கு 18 வரும். சிலருடைய விரல் ஓரத்துக் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போகும். அவர்களுக்கு 14 வரும், ஏனென்றால் மூலைக் கட்டத்துக்கு வெளிப்பக்கம் இரண்டு இருந்தும் அதை ஒரு முறைதான் எண்ணுவார்கள். இன்னும் சிலர் செவ்வகத்துக்கு வெளியே சுற்றியிருக்கும் கட்டங்களை மூலைகளோடு சேர்த்து எண்ணி 22 என்பார்கள். 14-ஐயும் 22-ஐயும் எண்ணிய குழந்தைகளுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. சுற்றளவு என்பது ஒரு நீளம், கோட்டின் மேல் நடந்து போகும் தூரம் என்பது அவர்களுக்குத் தட்டுப்படவில்லை. கட்டங்களைப் பார்த்துப் பழகிய கண் எதைக் கேட்டாலும் கட்டங்களையே எண்ணுகிறது. இதே குழந்தைகளுக்கு 2 × (நீளம் + அகலம்) என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் மறுநாள் எல்லோரும் 18 என்று எழுதுவார்கள். அதற்குப் பிறகு அந்த விரலைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்காது.

பரப்பளவிலும் இப்படித்தான். நீளத்தை அகலத்தால் பெருக்கு என்கிறோம். நீளத்தை நீளத்தால் பெருக்கினால் எப்படிச் சதுரம் வரும் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். உண்மையில் அந்த வயதில் அங்கே நடக்க வேண்டியது வேறொரு பெருக்கல்: ஒரு வரிசையில் எத்தனை சதுரம், அப்படி எத்தனை வரிசை என்பதுதான். வெற்றுச் செவ்வகம் ஒன்றைக் கொடுத்து, அதைச் சம சதுரங்களால் நிரப்பி வரையச் சொன்னால், ஓரத்தைச் சுற்றிச் சதுரங்களைப் போட்டுவிட்டு நடுவில் கண்டபடி நிரப்பும் குழந்தைகள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். வரிசையும் நிரலும் அவர்கள் கண்ணில் இன்னும் உருவாகவில்லை. அவர்களுக்கு 8 × 5 = 40 என்பது வாய்ப்பாட்டின் ஒரு வரி, அவ்வளவுதான்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. சுற்றி அளப்பது சுற்றளவு, பரப்பை அளப்பது பரப்பளவு என்று சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. ஆனால் இரண்டும் 'அளவு' என்று முடிவதாலும், இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே படத்தைக் காட்டி நடத்துவதாலும், குழந்தையின் காதில் கடைசி மூன்றெழுத்துதான் தங்குகிறது. இரண்டுக்கும் நடுவே சில வாரங்களாவது இடைவெளி விட்டு, ஒன்று ஊன்றிய பிறகு மற்றதைத் தொடங்கி, அதன் பின் இரண்டையும் வேண்டுமென்றே மோதவிட வேண்டும் என்பது என் அனுபவம். அதேபோல "5 சதுர மீட்டர்" என்பதும் "5 மீட்டர் சதுரம்" என்பதும் வேறு வேறு என்பதை ஒரு பாடவேளை ஒதுக்கியாவது காட்டிவிட வேண்டும். முதலாவதன் பரப்பு 5, இரண்டாவதன் பரப்பு 25. அலகு எழுதவில்லை என்று அரை மதிப்பெண் குறைப்பதால் இது விளங்கிவிடப் போவதில்லை.

குறிப்புச் சொற்களைக் கற்பிக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வேலி' என்று வந்தால் சுற்றளவு, 'ஓடு பதித்தல்' என்று வந்தால் பரப்பளவு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்விக்கிறோம். 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள தோட்டத்தின் நீளப் பக்கம் ஒன்றில் ஏற்கெனவே சுவர் இருக்கிறது, மற்ற பக்கங்களுக்கு எவ்வளவு வேலி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலை ஒப்பித்த குழந்தை தயங்காமல் 32 என்று எழுதும். தோட்டத்தை மனத்தில் வரைந்து பார்த்த குழந்தைதான் 22 என்று எழுதும். முக்கோணத்தின் சுற்றளவைக் கேட்டபோது, "இதுல நீளம் எது, அகலம் எது டீச்சர்?" என்று ஒருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். மூன்று பக்க அளவுகளும் படத்திலேயே இருந்தன.

அப்படியானால் எப்படிக் கேட்பது? 10-க்கு 8 செவ்வகம் ஒன்றின் மூலையில் 4-க்கு 3 அளவுள்ள துண்டை வெட்டி எடுத்துவிட்டு, என்ன குறைந்தது, என்ன குறையவில்லை என்று கேட்கலாம். பரப்பளவு 80-லிருந்து 68 ஆகிறது. சுற்றளவு முன்பிருந்த அதே 36. குழந்தைகள் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நூலை வைத்து அளந்து பார்த்த பிறகும் ஒரு முறை சந்தேகமாக நம்மைப் பார்ப்பார்கள். அதே துண்டை மூலையில் வெட்டாமல், நீளப் பக்கத்தின் நடுவில் 4 அகலமும் 3 ஆழமுமாக வெட்டினால் பரப்பளவு மறுபடியும் 68-தான், ஆனால் சுற்றளவு 42 ஆகிவிடுகிறது. ஒரே துண்டு, வெட்டிய இடம்தான் வேறு. இந்த இரண்டு படங்களும் செய்வதை ஐம்பது பயிற்சிக் கணக்குகளாலும் செய்ய முடியாது என்று தயக்கமில்லாமல் சொல்வேன். இத்தகைய படங்களில் எல்லாப் பக்கங்களுக்கும் அளவு எழுதாமல் இரண்டு பக்கங்களை விட்டுவைப்பதும் நல்லது. அச்சில் இருக்கும் எண்களை மட்டும் கூட்டிப்போடும் குழந்தை யார், விடுபட்ட பக்கத்தைத் தேடும் குழந்தை யார் என்பது உடனே தெரிந்துவிடும். பரப்பளவுக்காக நடுவில் போட்ட கோட்டையும் சுற்றளவில் சேர்த்துவிடும் பிழையும் இங்கேதான் வெளிப்படும்.

சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்று ஒரு மாணவி கண்டுபிடித்ததாக வந்து சொன்னால் என்ன செய்வீர்கள் என்று, லிப்பிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க, சீன ஆசிரியர்களைக் கேட்டு, அதை 1999-இல் நூலாக வெளியிட்டார். ஆசிரியர்களைச் சோதிக்க எழுந்த அந்தக் கூற்றை நான் குழந்தைகளுக்கே கொடுக்கிறேன்: "ஒருத்தி இப்படிச் சொல்கிறாள். சரியா? சரியில்லை என்றால் ஒரு படம் வரைந்து காட்டு." இதற்குப் பத்தி எழுத வேண்டியதில்லை, ஒரு படம் போதும்.

திருத்துவதற்கு நேரம் எங்கே என்பதுதான் இதற்கு வரும் முதல் எதிர்ப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு கட்டு விடைத்தாளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு விளக்க விடைகள் சுமைதான். ஆனால் எண்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால், குறுவிடையே நிறையச் சொல்லும். 8-க்கு 5 செவ்வகத்தின் சுற்றளவைக் கேட்டதற்கு 40 என்று வந்தால் குழந்தை பெருக்கியிருக்கிறது. 13 என்று வந்தால் படத்தில் எண் எழுதியிருந்த இரண்டு பக்கங்களை மட்டும் கூட்டியிருக்கிறது. 21 என்று வந்தால் அடைப்புக்குறியை மறந்து நீளத்தை மட்டும் இரட்டித்திருக்கிறது. மூன்றுக்கும் தவறு என்று ஒரே சிவப்புக் கோடு போடுவது எனக்கு இப்போதெல்லாம் மனம் ஒப்பாத செயலாகிவிட்டது. வாரம் ஒரு முறை, வகுப்பு முடியும்போது ஒரே ஒரு வினாவைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கி, மதிப்பெண் போடாமல் பிழைவாரியாக அடுக்கி வைக்கிறேன். பத்து நிமிட வேலை. மறுநாள் யாரோடு உட்கார வேண்டும் என்பது அந்த அடுக்குகளிலிருந்து தெரிந்துவிடுகிறது.

சூத்திரமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய அளவுகளுக்குக் கட்டம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. வரிசையாக எண்ணி எண்ணி அலுத்துப்போன குழந்தை, "பெருக்கிடலாமே டீச்சர்" என்று தானாகச் சொல்லும் நாள் ஒன்று வரும். அதுவரை கரும்பலகையில் சூத்திரத்தை எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் நமக்குக் கடினம்.

கடந்த தேர்வில், 24 செ.மீ. நூலை முடிச்சுப் போட்டு வைத்தால் எந்தெந்தச் செவ்வகங்கள் கிடைக்கும், எதற்குள் இடம் அதிகம் என்று கேட்டு, கூடவே கட்டத்தாளும் கொடுத்திருந்தேன். பெரும்பாலானோர் 11-க்கு 1-இல் தொடங்கி 11, 20, 27, 32, 35 என்று ஏறிப்போய் 6-க்கு 6-இல் 36 என்று நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும் அதற்குக் கீழே நூலை வட்டமாக வைத்துப் பென்சிலால் வரைந்து, பாதிக்கு மேல் உள்ளே வந்த கட்டங்களையும் சேர்த்து எண்ணி, "வட்டமா வெச்சா 44" என்று எழுதியிருந்தான். வட்டத்தின் பரப்பளவு அவனுக்கு இன்னும் இரண்டு மூன்று வகுப்புகள் தள்ளி வரும் பாடம். சரியான மதிப்பு 46-க்குச் சற்றுக் குறைவு. செவ்வகம் என்று கேட்டிருந்ததால் விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. அடுத்த முறை அந்த வினாவில் 'செவ்வகம்' என்பதை எடுத்துவிட்டு 'வடிவம்' என்று போட்டுப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.