கொல் நித்ரே பற்றி ஒரு திருத்தம்

யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் ஓதும் கொல் நித்ரே என்ற அறிக்கையால், யூதர்கள் அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கையெல்லாம் ரத்து செய்துகொள்கிறார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. ஒருவர் தன்மேல் தானே விதித்துக்கொண்டு கடவுளிடம் செய்யும் நேர்ச்சைகள்தான் அதில் வருகின்றன. கடன், வியாபார ஒப்பந்தம், நீதிமன்றச் சத்தியம் எதுவும் அதில் அடங்காது.

பழி பழையதுதான். 1240இல் யூதர்களின் தல்மூத் நூலைக் குற்றம்சாட்டி நடந்த பாரிஸ் விவாதத்திலேயே இதைக் கிளப்பினார்கள், ரபி (யூத மதகுரு) யெஹியேல் மறுத்துப் பதில் சொன்னார். அப்புறமும் விடவில்லை, யூதர்களின் சாட்சியத்தை நம்பக்கூடாது என்று ஐரோப்பாவில் வாதாட இதையே காட்டினார்கள். 1844இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கூடிய சீர்திருத்தப் பிரிவு ரபிகள் இதை வழிபாட்டிலிருந்து நீக்கவே தீர்மானித்தார்கள்.

உண்மையில் அந்த நாளின் விதி இன்னும் கடுமையானது. சக மனிதருக்குச் செய்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூர் போக்காது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா (யோமா 8:9). சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாலும் சரி, இதில் சலுகை கிடையாது. அதனால்தான் நோன்புக்கு முன்பே தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். எழுதியவர் அந்த வரியைத் திருத்திவிடுங்கள், இந்தப் பொய்யால் நிறையப் பேர் அவமானப்பட்டிருக்கிறார்கள்.