எம்டன் தமிழ்ச் சொல்தான்

"அவனா? பெரிய எம்டனாச்சே" என்று சொன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு விளக்கம் தேவைப்படாது; பொல்லாத கில்லாடி என்று பொருள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பதும் பலருக்குத் தெரியும். 'குண்டு போட்டான், ஊரே பயந்தது, பேர் நின்றுவிட்டது' என்று கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பயந்தது உண்மைதான். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் சென்னைக்கு வந்தது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் கரையில் விளக்குகள் ஜகஜோதியாக எரிந்தன. தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்து, அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு நழுவிவிட்டது. மறுநாளிலிருந்து மக்கள் மூட்டை கட்டினார்கள். உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது.

ஆனால் வெறும் பயம் என்றால் அந்தச் சொல் எமன், பூதம் வகையில் சேர்ந்திருக்கும். நாம் எம்டன் என்பது எமகாதகனை, சூரனை. திட்டுகிற வாயிலேயே ஒரு மெச்சுதல் இருக்கும். காரணம் அந்தக் கப்பலின் வேலை அப்படி. மூன்று புகைபோக்கிதான் அதற்கு. பொய்யாக நாலாவது ஒன்றை நிறுத்தி ஆங்கிலேயக் கப்பல் மாதிரி வேஷம் போட்டது. சரக்குக் கப்பல்களைப் பிடித்தால், கேப்டன் ஃபான் முல்லர் அதிலிருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடிப்பார். வெள்ளைக்காரன் கண்ணில் மண்ணைத் தூவியவன் மேல் நம்மவர்களுக்கு உள்ளூர ஒரு குஷி இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. (விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதையை நான் நம்பவில்லை. ஆனால் அதுவும் இந்தக் குஷியில் பிறந்ததுதான்.)

மலையாளத்தில் 'யமண்டன்' என்றால் பிரம்மாண்டமானது. அதுவும் எம்டனிலிருந்து வந்தது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கப்பல் போர்க்கப்பல்களில் சின்ன ரகம். ஜெர்மனியிலோ, பின்னர் அந்தக் கப்பல் அழிந்தபோது உயிர் பிழைத்த மாலுமிகள் 'எம்டன்' என்பதைக் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அங்கே அது பட்டம்.

நம்மிடம் அது கண்டிப்பான அப்பாக்களுக்கும் பெயரானது. அப்படி ஓர் அப்பாவை வைத்து 2006-இல் எடுத்த படத்துக்கு முதலில் 'எம்டன் மகன்' என்றுதான் பெயர். தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்று வந்ததும் அது 'எம் மகன்' ஆனது. தொண்ணூறு வருடம் நம் வீடுகளில் புழங்கியும் தமிழ் இல்லையாம். அப்புறம் எதைத்தான் தமிழ் என்பது?