துபாயைக் காட்டி வன்னியை ஏசாதீர்கள்

துபாயைக் காட்டி எங்கள் கிளிநொச்சிச் சனத்தைச் சோம்பேறி என்று ஏசுகிற அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்திருந்தேன். இன்று காலையும் இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் "உண்மையைத்தானே சொல்லுறார்" என்று சேர்த்தும். வெளியூரில் இருந்து வந்த ஒருவர் எடுத்த வீடியோ, பெயர் வேண்டாம். வட இலங்கையின் வன்னியில், போரில் விழுந்து கிடக்கிற கிளிநொச்சி நீர்த்தாங்கிக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் சொல்கிறார்: "அவன் வெறும் மணலில நகரம் கட்டினான். நீங்கள் இவ்வளவு பெரிய குளத்தை வைச்சுக்கொண்டு இன்னும் நெல்லு விதைச்சுக்கொண்டிருக்கிறியள்." குளம் என்று அவர் சொல்வது எங்கள் இரணைமடுவை.

விழுந்து கிடக்கிற ஒரு தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். அவர் சொன்னதையே எடுப்போம். மணலில் நகரம் கட்டினான் என்றால், அந்த நகரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிட முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பதினெட்டு நிமிட வீடியோவில் அவர் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

துபாயில் ஆண்டு முழுதும் பெய்கிற மழை 100 மில்லிமீற்றர்கூட வராது. கார்த்திகையில் எங்களுக்கு ஒரு நல்ல நாளில் பெய்கிற மழை அது. 1960 அளவில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர். இன்று 35 இலட்சத்துக்கு மேல். இடையில் நடந்தது மந்திரமில்லை. முத்துக்குளிப்பை நம்பி இருந்த ஊர் அது. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து அந்தப் பிழைப்பைச் சாய்த்தது. பிறகு மணல் அடைத்துக் கிடந்த கடற்கழியைக் கடன் வாங்கித் தோண்டினார்கள், கப்பல் உள்ளே வந்தது, வியாபாரம் வந்தது. 1966இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1979இல் ஜெபல் அலி துறைமுகம் திறந்தார்கள். வந்த பணத்தில் அவர்கள் கட்டியவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது புர்ஜ் கலீபா கோபுரம் இல்லை. கடற்கரையில் யாரும் நின்று படம் எடுக்காத, கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள்தான்.

அந்த ஆலை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் "மணலில் கட்டினான்" என்ற சொல் வாயில் வராது. பழைய முறை, மின்நிலையத்தின் வெப்பத்தைக் கொண்டு கடல்நீரைக் கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்த்துப் பிடிப்பது. எரிவாயு மலிந்த ஊரில் மட்டும் கட்டுப்படியாகிற வேலை. புதிய முறை, நீரை விட்டு உப்பை மறிக்கிற சவ்வு. கடல்நீரை இழுத்து, சல்லடையில் குப்பையும் பாசியும் பிரித்து, மணல் வடிகட்டியில் விட்டு, பிறகு 5 மைக்ரோன் வடியில் விட வேண்டும். பாசி பிடிக்காமல் இருக்கக் குளோரின் போட்டிருந்தால், சவ்வுக்குப் போக முன் அதை மருந்து போட்டு முறிக்க வேண்டும். முறிக்க மறந்தால் குளோரின் சவ்வைத் தின்றுவிடும். அதன் பிறகு 60 பார் அளவு அழுத்தத்தில் சவ்வுக்குள் தள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற அழுத்தத்தின் இருபது, முப்பது மடங்கு அது. இவ்வளவும் செய்து 100 லீற்றர் கடல்நீரில் 40 லீற்றர் அளவே நன்னீராக வரும். மிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பேறிக் கடலுக்கே திரும்பப் போகும். வந்த நன்னீரையும் அப்படியே அனுப்ப முடியாது, அது குழாயை அரிக்கும். சுண்ணாம்புச் சத்துச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

இந்த வேலை பிசகுகிற இடமும் உண்டு. அந்தப் பாரசீக வளைகுடா ஆழம் குறைந்த கடல், உப்பும் பெருங்கடலைவிட அதிகம். 2008, 2009இல் கடலில் செம்பாசி பரவியபோது அமீரகத்தில் ஆலைகளை நிறுத்த வேண்டி வந்தது. ஆலை நின்றால் நகரத்துக்குக் கையிருப்பு அப்போது சில நாளைக்குத்தான் இருந்தது. எங்கள் குளம் ஒரு மாரி பொய்த்தாலும் அடியில் கொஞ்சத்தை வைத்திருக்கும். அங்கே பம்ப் நின்றால் குழாயும் நிற்கும்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 2024இல் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் திறந்தார்களே, அதே வகை ஆலைதான். ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர். யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர். நல்ல விடயம், நான் அதற்கு எதிரானவன் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீற்றருக்கு மூன்றரை யூனிற் மின்சாரம் என்று வையுங்கள், நாளுக்கு 84 ஆயிரம் யூனிற். இனி அந்த நீரை வயலுக்கு விட்டுப் பாருங்கள். மாரிக்குப் பிறகு குளத்து நீரில் செய்கிற சிறுபோக நெல்லுக்கு, ஏக்கருக்கு நான்கு ஏக்கரடி நீர், அதாவது ஒரு ஏக்கரில் நான்கு அடி உயரத்துக்கு நிற்கிற அளவு, என்று எடுத்தால் ஏறக்குறைய 4,900 கன மீற்றர். அதாவது அந்த முழு ஆலையும் ஒரு நாள் முழுக்க ஓடித் தருகிற நீர் ஐந்து ஏக்கருக்குக்கூடக் காணாது. நூறு நாள் ஓடினால் ஐந்நூறு ஏக்கருக்குக் கிட்ட. இரணைமடுவின் கீழ் இருப்பது 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல். இப்போது சொல்லுங்கள், "இன்னும் நெல்லு விதைக்கிறியள்" என்பது ஏளனமா, பெருமையா? துபாய் நெல் விதைக்காதது அறிவால் இல்லை. அங்கே முடியாது. சோறு கப்பலில்தான் வருகிறது.

"அப்போ நகரமே வேண்டாம் என்கிறீரா?" என்று ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். வேண்டும். கிளிநொச்சி வளர வேண்டும், நல்ல ஆஸ்பத்திரியும் பெடியளுக்கு வேலையும் வேண்டும். ஆனால் ஒரு ஊர் எவ்வளவு வளரலாம் என்பதை அந்த ஊரின் தண்ணீர் சொல்லும், வெளியூரில் இருந்து வந்தவரின் கமரா சொல்லாது. எங்களிடம் இருப்பது ஒரு மாரியின் நீர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வதைக் கனகராயன் ஆறு கொண்டுவந்து இரணைமடுவில் விடுகிறது. 36 அடிக்கு மேல் குளம் கொள்ளாது. அதில்தான் மாரி விதைப்பான காலபோகத்தின் கடைசித் தண்ணி, சிறுபோகம், மாடு, மீன், நகரத்தின் குழாய், கிணறுகளின் ஊற்று எல்லாம். பங்குனி, சித்திரையில் நடக்கிற சிறுபோகக் கூட்டத்துக்கு ஒருமுறை வாருங்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை ஏக்கருக்கு விடலாம், ஆளுக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்று சண்டை பிடித்துப் பிடித்துத் தீர்மானிப்பார்கள். ஆவியாகப் போகிறதையும் வாய்க்காலில் ஊறிப் போகிறதையும் கழித்துத்தான் அந்தக் கணக்கு. படிக்காத மனிசர் என்று நீங்கள் நினைக்கிறவர்கள் ஏக்கரடியில் பேசுவார்கள். அதைச் சோம்பல் என்று சொல்கிறவருக்கு நான் என்ன சொல்ல?

இன்னொருவர் இப்படி எழுதியிருந்தார்: "யாழ்ப்பாணத்துக்குத் தண்ணி குடுக்க மறுத்த ஆக்கள்தானே." இரணைமடு நீரைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற திட்டத்தைச் சொல்கிறார். இது எனக்கு நோகிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உப்பும் நைத்திரேற்றும் ஏறுவது எனக்கும் தெரியும். குடிக்கிற தண்ணீரை மறுக்கிற மனிதர் வன்னியில் இல்லை. வழியில் தாகம் என்று நிற்கிறவனுக்குச் செம்பைக் கொண்டு ஓடுகிற ஊர் இது. சிறுபோகத்துக்கே முழுக் காணிக்கும் நீர் காணாத குளத்தில் இருந்து குழாய் போட முன், நட்டப்படுகிறவனுக்கு என்ன பதில் என்று விவசாயி கேட்டான். கேட்டது குற்றமா? அவன் கேட்டபடியால்தான் தாளையடி வந்தது என்றும் சொல்லலாமே. இதற்கு மேல் இதைப் பற்றி வாதாட எனக்கு விருப்பமில்லை.

மனிதர்களைப் பற்றியும் அவர் பேசினார். "அங்க எல்லாரும் உழைக்கிறாங்கள்." ஓம், உழைக்கிறார்கள். யார்? துபாயில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். கம்பி கட்டுகிறவன், பலகை அடிக்கிறவன், ஏசி பூட்டுகிறவன், பைப் பொருத்துகிறவன், இவர்களில் எங்கள் பெடியளும் இருக்கிறார்கள். விசுவமடுவில் இருந்தும் தருமபுரத்தில் இருந்தும் அக்கராயனில் இருந்தும் போனவர்கள். ஜூன் 15 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை மதியம் 12.30 இல் இருந்து 3 மணி மட்டும் வெளிவேலை செய்யக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது, வெயில் அப்படி. வாடகை அறை என்றால் முழு அறை இல்லை, ஒரு கட்டில், அதன் கீழே ஒரு பெட்டி. விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போய், குறித்த நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும். இருபது வருடம் அந்த நகரத்தைக் கட்டியவனுக்கும் அது அவனுடைய ஊர் ஆகாது. அந்த நாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சம்பளத்தில் இங்கே எத்தனை கூரை ஓடு போட்டிருக்கிறது என்று தெரியும். ஆனால் அந்தப் பெடியள் மாரி தொடங்கியதும் வீட்டுக்குப் போன் எடுத்து முதலில் கேட்பது "குளத்தில எத்தினை அடி?" என்று. அவன் உழைக்கிற நகரத்தைக் காட்டி அவன் அப்பாவைச் சோம்பேறி என்றால், அவனுக்கு எப்படி இருக்கும்?

எங்கள் ஊரின் வயதையும் சொல்ல வேண்டும். 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் கிளிநொச்சி. யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து காணி இல்லாதவர்கள் வந்து காடு வெட்டினார்கள். பிறகு 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்ட மலையகத்து மக்கள் வந்தார்கள். தனி மாவட்டம் ஆனது 1984இல். 1996இல் போரில் நகரம் முழுதாக இடம்பெயர்ந்து போனது. திரும்பி வந்து கட்டியதை 2008 கடைசியில் மறுபடி விட்டுவிட்டுப் போனது. துபாயின் 828 மீற்றர் கோபுரத்தைத் திறந்தது 2010 ஜனவரியில். அந்த மாதம் எங்கள் சனம், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்தது. அந்தக் கோபுரத்துக்கும் திறப்புவிழா நாளில்தான் பெயர் மாறியது தெரியுமா? புர்ஜ் துபாய் என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். 2009இல் கடன் முட்டியபோது அயல் எமிரேற்றான அபுதாபி பத்து பில்லியன் டொலர் கொடுத்துத் தூக்கிவிட்டது, கோபுரம் அப்போதைய அபுதாபி ஆட்சியாளரின் பெயரில் புர்ஜ் கலீபா ஆனது. துபாய்க்கே ஒரு அயல் வீடு தேவைப்பட்டது. எங்களை யார் தூக்கிவிட்டார்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. சரி, துபாயிடம் இருந்து படிக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அவர் அதைக் காட்டவில்லை. அங்கே றோட்டோரத்தில் நிற்கிற பேரீச்சைக்கும் புல்லுக்கும் நன்னீர் விடுவதில்லை. நகரத்தின் மலசலக் கழிவைச் சுத்திகரித்து, அந்த நீரைச் சொட்டுக் குழாயில் மரத்தின் அடிக்கு விடுகிறார்கள். 2008 அளவில் கட்டடங்கள் ஆலையைவிட வேகமாக வளர்ந்தபோது, கழிவு ஏற்றிய பவுசர் வண்டிகள் வரிசையில் நின்று, சிலர் பொறுமை கெட்டு மழைநீர்க் கானில் ஊற்றி, அது கடற்கரைக்கு வந்தது. அதில் பட்டுத்தான் திருந்தினார்கள். கிளிநொச்சியில் நாங்கள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறோம். நகரத்துக்குப் பக்கத்தில் கால் ஏக்கர் காணியை நாலாக உடைத்து விற்கிறார்கள். ஒன்று 10 பேர்ச், 2,722 சதுர அடி, அதாவது 52 அடிக்கு 52 அடி. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும். உங்கள் காணிக்குள் மூலைக்கு மூலை வைத்துத் தப்பினாலும், பக்கத்துக் காணிக்காரனின் குழி உங்கள் கிணற்றில் இருந்து பதினைந்து அடியில் வரும். மதிலுக்கு அந்தப் பக்கம் அவன் எங்கே வெட்டினான் என்று நீங்கள் பார்க்கப் போவதில்லை. மாரியில் நிலநீர் மேலே வரும்போது இரண்டும் ஒன்றாகும். இதைப் பற்றி ஒரு வீடியோ போடலாமே.

வெள்ளமும் அப்படித்தான். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி துபாயில் ஒரே நாளில் ஒரு வருட மழைக்கு மேல் கொட்டியபோது விமான நிலையம் கடலாகியது. மழையே இல்லாத ஊர் என்று வடிகான் போதியளவு வைக்கவில்லை. ஊறிப் போக நிலமும் இல்லை, எல்லாம் கொன்றீற். பவுசர் வைத்து நாட்கணக்கில் இறைத்தார்கள். எங்களுக்கோ மழை வரும் என்று தெரியும். 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது யார் வீட்டுக்குள் எவ்வளவு நீர் நின்றது என்று இன்னும் சுவரில் கறை இருக்கிறது. அந்த நீர் போவதற்கு என்று தாழ்ந்த தரவையும் கழிவு வாய்க்காலும் இருந்தன. மழை இல்லாததால் வழி விடாமல் கட்டினார்கள் அவர்கள். மழை இருந்தும் இருக்கிற வழியை மூடுகிறோம் நாங்கள். "துபாய் மாதிரி ஆக்குவோம்" என்று அவர் கையை நீட்டிக் காட்டினாரே, வீடியோவில் பதினோராவது நிமிடம், பின்னால் பச்சையாகத் தெரிகிற வெற்றுக்காணி. அது வெற்றுக்காணி இல்லை. மாரியில் மூன்று வாய்க்காலின் கழிவுத் தண்ணீர் ஒன்றாய் வந்து நின்று, மதகுக்குக் கீழால் மெல்ல மெல்ல இறங்குகிற இடம்.

அந்த மதகின் ஒரு கண் ஏற்கெனவே கிரவலால் அடைபட்டுப் போயிருக்கிறது. இன்று காலையும் டிப்பர் வந்தது, மூன்று லோட் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.