குறள் போய்ச் சேர்ந்த முகவரி

டால்ஸ்டாய் திருக்குறளை மேற்கோள் காட்டினார் என்ற பதிவு வருடத்துக்கு நாலு தடவையாவது நம் கண்ணில் படும். இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறள்கள் இடம்பெற்ற அந்தக் கடிதம் 1908 டிசம்பரில் எழுதப்பட்டது. காந்தி அதைக் கப்பல் பயணத்திலேயே குஜராத்தியில் மொழிபெயர்த்ததும் பலருக்குத் தெரியும். தலைப்பு 'ஓர் இந்துவுக்குக் கடிதம்'. அந்த இந்து யார் என்று நாம் யாருமே கேட்பதில்லை. நானும் ரொம்ப நாள் கேட்கவில்லை.

தாரக்நாத் தாஸ். வங்காளி. அப்போது வயது 24. போலீஸ் தேடியதால் 1905-இல் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்தவர். கனடாவின் வான்கூவரில் இருந்த அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபித் தொழிலாளர்களுக்காகப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார், 'ஃப்ரீ ஹிந்துஸ்தான்' என்ற பத்திரிகையும் நடத்தினார். வேலை போயிற்று. டால்ஸ்டாய்க்கு எழுதியது அதன் பிறகுதான்.

வந்த பதில் அவருக்கு உவப்பானதல்ல. ஒரு வியாபாரக் கம்பெனி இருபது கோடிப் பேரை அடிமைப்படுத்தியது என்றால், அந்த மக்களே அதற்கு ஒத்துழைத்ததால்தான். வன்முறையை விட்டுவிடுங்கள் என்றார் பெரியவர். காந்திக்கு அது வேதவாக்கு. தாஸ் கேட்கவில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் உதவியோடு இந்தியாவில் கலகம் மூட்டும் திட்டத்தில் இறங்கினார். பிரிட்டனிடமிருந்து தப்ப இன்னொரு பேரரசின் தோளைப் பிடித்தது பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சதிக்காக சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த வழக்கில் 1918-இல் அவருக்கு 22 மாதச் சிறை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1914-இலேயே அவர் அமெரிக்கக் குடிமகன். 1923-இல் பகத்சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, அதனால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றது. ஏற்கெனவே கொடுத்ததையும் திரும்பப் பிடுங்க அரசு வழக்குமேல் வழக்காகப் போட்டது. தாஸும் அந்த வலையில் சிக்கினார். அவர் மனைவி மேரி மோர்ஸ் அமெரிக்காவிலேயே பிறந்த வெள்ளைக்காரப் பெண். தகுதியற்ற ஒருவரின் மனைவி என்பதால் அவருடைய குடியுரிமையும் பறிபோனது. சொந்த மண்ணில் நாடில்லாதவள் ஆனேன் என்று அந்த அம்மா பத்திரிகையில் எழுதினார். இதே போலக் குடியுரிமை பறிக்கப்பட்ட வைஷ்ணோ தாஸ் பகாய் என்ற இந்திய வியாபாரி 1928-இல் தற்கொலையே செய்துகொண்டார்.

போன மாதம் என் அக்கா மகன் அங்கே குடியுரிமை உறுதிமொழி எடுத்தான். கையில் சின்னக் கொடியோடு எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லோரும் வாழ்த்தினோம். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் மேரிதான் நினைவுக்கு வந்தார். இந்தியர் குடியுரிமை பெறலாம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1946-இல்தான்.

தாஸ் இத்தனைக்கும் நடுவில் படித்துக்கொண்டே இருந்தார். ஜார்ஜ்டவுனில் முனைவர் பட்டம், கொலம்பியாவில் பேராசிரியர் பணி, ஆசிய அரசியல் பற்றிப் புத்தகங்கள். 1935-இல் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அங்கே படிக்கும் இந்திய மாணவர்களுக்கு உதவ! அந்த நாட்டுச் சிறையையும் நீதிமன்றத்தையும் பார்த்தவர், தனக்குப் பின்னால் வரப்போகும் பிள்ளைகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார். துப்பாக்கி, சதி எல்லாவற்றையும்விட இந்தச் செய்கை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1952-இல்தான் தாய்நாட்டுக்கு வர முடிந்தது. போகும்போது 21 வயது, வரும்போது 68. வந்தவர் இங்கேயே தங்கிவிடவும் இல்லை. 1958 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் காலமானார்.

அடுத்த முறை டால்ஸ்டாயும் குறளும் பற்றி யாராவது பதிவு போட்டால், கீழே தாரக்நாத் தாஸ் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.