தெரு மரம் இரவில் மூச்சுத் திணற வைக்காது

"வீட்டை ஒட்டி நிற்கும் மரங்கள் இரவில் கரியமில வாயுவைக் கக்கும், தூங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டும். தெரு மரங்களை வெட்டச் சொல்லி எல்லாரும் மனு கொடுங்கள்" என்று ஒரு செய்தி குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் நம்புகிறார்கள். 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற அறிஞர் இலைகளை நீரில் மூழ்க வைத்துச் சோதித்தார். வெளிச்சத்தில் இலை மேல் பொடிப்பொடியாகக் குமிழ்கள் வந்தன, இருட்டில் நின்றுவிட்டன. அந்தக் குமிழ்கள் ஆக்சிஜன். இருட்டில் செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்றும் அவர் எழுதினார். அந்தப் பயம்தான் இன்னும் ஓயவில்லை.

சரி, மரம் இரவில் சுவாசிக்கிறது, கரியமில வாயுவை விடுகிறது. ஆனால் எவ்வளவு? அது திறந்த வெளியில் உடனே கலைந்துவிடும் அளவுதான். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கரியமில வாயு; வெளிக்காற்றில் உள்ளதைப்போல இது ஏறக்குறைய 100 மடங்கு. அப்படியிருந்தும் பக்கத்தில் படுத்திருப்பவரால் நமக்கு மூச்சு முட்டுவதில்லையே! வளரும் மரம் பகலில் இழுத்துக்கொள்வது இரவில் விடுவதைவிட அதிகம். அந்த மிச்சம்தான் தண்டாகவும் கிளையாகவும் நிற்கிறது.

பள்ளி உயிரியல் பாடநூலில் ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல் பாடங்களைப் புரட்டினாலே இது தெரியும். கிளை கம்பியில் உரசினால், வேர் சுவரைப் பிளந்தால் அதைச் சொல்லி மனு கொடுங்கள், அது நியாயமான புகார். இந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.